திரையில் தெரியும் அந்தக் கறை, கறையே இல்லை

சில லேப்டாப் திரைகள் நாளடைவில் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். கீபோர்டு அழுந்துகிற இடங்களில் சின்னச் சதுரங்களாக, கேமராவைச் சுற்றி வளையமாக, மூடும்போது விரல் படும் விளிம்பில் பட்டையாக வரும். உடனே துணியை எடுத்துத் தேய்ப்போம். தருமபுரி நாலு ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கல்லூரி மாணவர் ஒருவர் சொன்னார்: “அண்ணா, ஈரத்துணி வெச்சுத் துடைச்சா போயிடுது, காஞ்சதும் திரும்ப வந்துடுது.” அவர் பார்த்தது முழுக்க உண்மை. அதற்கான காரணம் அழகான இயற்பியல்.

அந்தத் திட்டு அழுக்கு அல்ல. திரையிலேயே அதுதான் வெறும் கண்ணாடி. சுற்றிலும் நன்றாகத் தெரிகிறதே, அங்கேதான் கண்ணாடிமேல், எதிரொளிப்பைக் குறைக்கும் ஒரு பூச்சு மிச்சமிருக்கிறது. திட்டு இருக்கும் இடத்தில் அது உரிந்துபோய்விட்டது. ஆகவே எவ்வளவு தேய்த்தாலும் திட்டு மறையாது; விளிம்பு இன்னும் உரிந்து பெரிதாகத்தான் செய்யும்.

வெறும் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, கண்ணாடிக்கு 1.52. இந்த வித்தியாசம்தான் காரணம். 4 சதவீதம் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால், வெளி வெயிலில் 4 சதவீதம் திரையின் கறுப்புப் பகுதியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கறுப்பு எங்கே கறுப்பாகத் தெரியும்?

பூச்சு இதைத் தடுக்கும் விதம் எளிமையானது. மெக்னீசியம் ஃபுளோரைடு என்ற பழைய பூச்சுப் பொருளை எடுத்துக்கொள்வோம். ஒளிவிலகல் எண் 1.38. இதைக் கண்ணாடிமேல் 100 நானோமீட்டர் தடிமனுக்குப் பூசினால் ஒளி இரண்டு இடங்களில் எதிரொளிக்கும்: ஒன்று பூச்சின் மேல்பரப்பில், இன்னொன்று பூச்சும் கண்ணாடியும் சேருமிடத்தில். இரண்டாவது அலை பூச்சுக்குள் இறங்கி ஏறி வருவதால் 200 நானோமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. பச்சை ஒளிக்கு, பூச்சுக்குள் அது சரியாக அரை அலைநீளம். ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. பச்சையில் எதிரொளிப்பு 1.3 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். சிலிக்காவையும் டைட்டானியம் ஆக்சைடையும் மாற்றி மாற்றி அடுக்கும் இன்றைய பூச்சுகளால் இதையும் விடக் குறைக்க முடிகிறது.

ரத்தான ஒளி எங்கே போனது? அழிந்துவிடவில்லை, பூச்சு அதை விழுங்கவும் இல்லை. திரும்பி வந்திருக்க வேண்டியது கண்ணாடி வழியே உள்ளே போய்விடுகிறது, அவ்வளவுதான். 1886-இலேயே ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு, காலப்போக்கில் மங்கிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். 1935-இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா இதையே தொழில்நுட்பமாக்கினார்.

இப்போது அந்த ஈரத்துணிக்கு வருவோம். திரைமேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போது, காற்றுக்கும் நீருக்கும் இடையிலான பரப்பு 2 சதவீத ஒளியைத் திருப்புகிறது. இது பூச்சு உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் பொது. நீருக்கு அடியில் வெறும் கண்ணாடி திருப்புவது 0.4 சதவீதம்தான். அதனால் இரண்டு இடங்களுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் சுருங்கி, கண்ணுக்குத் திட்டு மறைந்துவிடுகிறது. காய்ந்ததும் பழையபடி 4 சதவீதம்.

இதை வீட்டிலேயே உறுதிசெய்துகொள்ளலாம். லேப்டாப்பை அணைத்துவிட்டு, டியூப்லைட் திரையில் தெரியும்படி சாய்த்துப் பாருங்கள். பூச்சு உள்ள இடத்தில் விளக்கு மங்கலாக, பெரும்பாலும் லேசான ஊதா கலந்து தெரியும். பச்சைக்கு நடக்கும் ரத்து சிவப்புக்கும் நீலத்துக்கும் அவ்வளவு கச்சிதமாக நடக்காததால் வரும் சாயல் அது. திட்டுமேல் வரும்போது விளக்கு சட்டென்று பளிச்சென வெள்ளையாகும்.

ஆக, மிச்சப் பூச்சையும் எடுத்துவிட்டால் திரை முழுக்க ஒரே மாதிரி ஆகிவிடும். கண்ணை உறுத்துவது 4 சதவீதம் அல்ல, அது ஓரிடத்தில் இருந்து பக்கத்தில் இல்லாததுதான். ஆனால் முதலில் வாரண்டியைக் கேட்டுப் பாருங்கள். ரெட்டினா மேக்புக்குகளில் இந்தச் சிக்கல் பரவலாக வந்தபோது, 2015-இல் ஆப்பிள் பல திரைகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. நீங்களே உரித்துவிட்டுப் போய் நின்றால் பேச்சு எடுபடாது.

பலர் பயன்படுத்துவது மவுத்வாஷ், அல்லது தண்ணீரில் குழைத்த ஆப்பசோடா. பிடிப்பு தளர்ந்த பூச்சின் விளிம்பில் திரவம் இறங்க, மெல்லத் தேய்க்கத் தேய்க்க அது விட்டுக்கொண்டே வரும். பிடிப்பு கெட்டியாக உள்ள இடத்தில் நேரமாகும், அங்கே அழுத்தக் கூடாது. பின்னால் இருப்பது எல்சிடி. கடினத்தன்மை அளவுகோலில் ஆப்பசோடா சுமார் 2.5, கண்ணாடி 5.5-க்கு மேல். எனவே சோடா கண்ணாடியைக் கீறாது. நம் பக்கத்துக்கு வேறொரு ஆபத்து உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் குவாரியும் கிரானைட் பட்டறையும் உள்ள ஊர்களில் காற்றிலேயே கல்தூசி இருக்கும். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 7. துணியில் அதில் ஒரு துகள் ஒட்டியிருந்தாலே போதும், கண்ணாடியில் நிரந்தரக் கோடு விழுந்துவிடும். மைக்ரோஃபைபர் துணியை அலசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். திரவத்தில் துணியை நனைத்துக்கொள்ளுங்கள், திரையில் ஊற்றாதீர்கள். விளிம்பு வழியாக உள்ளே இறங்கினால் திரையே போய்விடும்.

இதெல்லாம் முன்பரப்பு கண்ணாடியாக உள்ள பளபளப்பான திரைகளுக்கு மட்டும். லேசாகச் சொரசொரப்பாக, பிம்பம் கலங்கித் தெரியும் மேட் திரையில் கை வைக்கவே வேண்டாம். அங்கே வேலை செய்வது அலை ரத்து அல்ல, ஒளியைச் சிதறடிக்கும் நுண்ணிய மேடுபள்ளம். அது பிளாஸ்டிக் படலத்தில் இருக்கிறது, அதற்கு நேர் கீழே போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலம். போலரைசர் கெட்டால் அந்த இடத்தில் படமே தெரியாது, வெறும் வெளிச்சம்தான்.

பூச்சு போன திரை வெளிச்சமான அறையில் முன்னைவிடப் பளபளக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். அதுவும் போதாதவர்கள் கடையில் கிடைக்கும் மேட் ஸ்கிரீன் கார்டு ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம்.