தரிசு என்று எழுதியிருந்தாலும் அது கொரங்காடு

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன்பு ஒரு மயிலைப் பசுவை, அதாவது சாம்பல் நிறக் காங்கேயம் மாட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. குளம்பு தேயாமல் நீண்டு, நுனி மேல்நோக்கி மடங்கியிருந்தது. அதற்கு முன்பு ஒரு நாளும் நோய் என்று என்னிடம் வராத மாடு.

“எத்தனை நாளாகக் கட்டுத்தரையிலேயே நிற்கிறது?” என்று கேட்டேன்.

“காட்டைக் குத்தகைக்கு விட்டதிலிருந்துங்க டாக்டரு” என்றார் அந்தப் பெரியவர். சாலைக்கு அந்தப் பக்கம் அவர் கைகாட்டிய இடத்தில் சோலார் பலகைகள் வரிசையாக நின்றன. முன்பு அங்கே அவருடைய கொரங்காடு இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்குக் கொரங்காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மழை குறைந்த இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வளர்த்த மேய்ச்சல் காடு அது. நிலத்தைச் சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. கிளைப் போத்தை வெட்டி நட்டால் துளிர்த்துக்கொள்ளும், ஆடு மாடு தாண்டாது. உள்ளே அங்கங்கே வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், செப்புநெரிஞ்சி, நரிப்பயறு. மழை பெய்தால் ஒரு வாரத்தில் பச்சை கட்டும். கோடையில் புல் காய்ந்து நின்றாலும் தீவனம்தான். அதுவும் தீரும் நேரத்தில் வெள்வேலங்காய் உதிரும், செம்மறிகள் மரத்தடியை விட்டு நகராது. வாசல் படலைச் சாத்திவிட்டால் இரவும் பகலும் மாடு உள்ளேயே கிடக்கும், மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

காங்கேயம் மாட்டின் கால் வலுவும், வறட்சியைத் தாங்கும் உடம்பும் இந்தத் தரையில் உருவானவை. நடந்து மேய்ந்தால் குளம்பு தானே தேயும். பலவகைப் புல்லும் செடியும் தின்றால் தாது உப்புக் குறைவு அவ்வளவாக வராது. அதே மாட்டைக் கட்டிப்போட்டு வைக்கோலை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பசுவிடம் பார்த்தேன். தாது உப்புக் கலவை கொடுத்தேன், குளம்பைச் சீவிவிட்டேன். அது நடந்து திரிந்த காட்டை என்னால் எழுதிக்கொடுக்க முடியாது.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரியை விட்டு வெளியே வந்தே ஆகவேண்டும். என் கேள்வி இடத்தைப் பற்றியது. ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். அப்படியென்றால் 50 மெகாவாட் நிலையம் ஒன்று 200 ஏக்கருக்கு மேல் கேட்கும். நிழல் விழக்கூடாது என்று வெள்வேலத்தை வெட்டுகிறார்கள். தீப்பிடிக்கும் என்று புல்லை எடுக்கிறார்கள். கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். தரையைச் சமன்செய்யும்போது மழைத் தண்ணீர் ஓடுகிற சிறு பள்ளங்களும் மூடிப்போகின்றன. கவுதாரியும் முயலும் எங்கே போகும்?

இதை யார் தடுப்பது என்றால் அங்கேதான் சிக்கல். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் சோலார் பலகை நிலையங்கள் முன்அனுமதி பெற வேண்டியதில்லை. அதனால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. கொரங்காடு பெரும்பாலும் பட்டா நிலம், காப்புக்காடு இல்லை. பதிவேட்டில் புஞ்சை என்றோ தரிசு என்றோதான் இருக்கும். ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ‘ஓரண்’ எனப்படும் கோயில்காடுகளுக்கும் இதே கதைதான். ஊர் மக்கள் தெய்வத்தின் பேரில் காத்துவந்த மேய்ச்சல் காடுகள் பலவும் அரசு ஏட்டில் வெறும் தரிசு. சோலாரும் காற்றாலையும் மின்கம்பிகளும் அங்கே வந்தன. அந்தக் கம்பிகளில் மோதி, அழிவின் விளிம்பில் இருக்கும் பெரிய புல்வெளிப் பறவைகளான கானமயில்கள் சாகின்றன என்ற வழக்கு 2021இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வரை போனது.

குத்தகைக்கு விடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகள் வெளியூரில், கிணறு வறண்டு கிடக்கிறது, மாட்டுக்கு விலை இல்லை. மாதாமாதம் பணம் வருகிறது என்றால் யாருக்கும் மனம் சாயும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றை யோசியுங்கள். இத்தகைய ஒப்பந்தங்கள் 25 ஆண்டு, 30 ஆண்டு ஓடும். முடிந்ததும் பலகையையும் கான்கிரீட் காலையும் யார் எடுப்பார்கள், எந்தச் செலவில் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். குத்தகைப் பணத்தைக் கணக்குப் போடும்போது, அதே காடு இல்லாமல் உங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாங்கவேண்டிய தீவனத்தையும் சேர்த்துப் போடுங்கள். பலரும் இந்த இரண்டாவது கணக்கைப் போடுவதே இல்லை.

ஊராகச் செய்யக்கூடியதும் உண்டு. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002இன்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும். உங்கள் கொரங்காட்டின் புல், மரம், பறவை எல்லாம் அதில் ஏறட்டும். பிறகு யாரும் அதை ஒன்றுமில்லாத நிலம் என்று சொல்ல முடியாது. கிராம சபையில் தீர்மானமும் போடுங்கள். மதுரை அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர்கள் கிராம சபைத் தீர்மானத்தோடு தெருவில் இறங்கின. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

பலகை வைக்க இடம் இல்லாமலும் இல்லை. திருப்பூரிலும் காங்கேயத்திலும் பனியன் கம்பெனி, அரிசி ஆலை, கிடங்கு என்று எத்தனை கூரைகள் வெயிலில் காய்கின்றன! வீடுகளுக்கு 2024இல் வந்த மத்திய அரசின் கூரை சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. முதலில் அந்தக் கூரைகள் நிறையட்டும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் ஒன்று கேட்டுப்பார்க்கலாம். கிளுவை வேலியை விட்டுவைக்கச் சொல்லுங்கள், புல்லுக்குக் களைக்கொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள், பலகையைச் செம்மறி புகுந்து மேயும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். வெளிநாடுகளில் பல நிலையங்களில் செம்மறிகள்தான் புல்லைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. வெள்ளாடு மட்டும் வேண்டாம், பலகை மேல் ஏறிவிடும்.