பட்டப்பகல்ல நடுராத்திரியைக் காட்டின நாடகக்காரங்க

1600 வாக்குல லண்டன்ல நாடகம் பாக்கணும்னா மத்தியானம் ரெண்டு மணிக்குப் போகணும். தேம்ஸ் ஆத்துக்குத் தெக்கால 1599ல கட்டின, ஷேக்ஸ்பியரோட நாடகங்களைப் போட்ட க்ளோப் தியேட்டர், நடுவுல கூரையே கிடையாது, ஒரு பென்னி கொடுத்தா மேடையைச் சுத்தி முற்றத்துல நின்னுக்கிட்டே பாக்கலாம், இன்னொரு பென்னி போட்டா மேல மாடத்துக்குப் போலாம். மொத்தமா 3000 பேர் வரைக்கும் கொள்ளும்னு ஆய்வாளர்கள் மதிப்பிடறாங்க. லைட்டை அணைச்சு கூட்டத்தை அமைதியாக்க வழியில்ல, பெரிய செட்டும் இல்ல. ஜனங்க கொட்டையை உடைச்சுத் தின்னுக்கிட்டேதான் பாப்பாங்க, பக்கத்துல இருந்த ரோஸ் தியேட்டரை 1989ல தோண்டினப்போ ஹேசல்நட் ஓடா வந்துச்சு. போதாததுக்கு அதே ஏரியாவுல கரடி மேல நாயை ஏவிவிடற ஆட்டம் வேற, அதுக்கும் அதே கூட்டம்தான் போகும்.

வாள்சண்டை, ரத்தம், பீரங்கிச் சத்தம், தரையில இருக்கிற கதவு வழியா மேல வர்ற பேய், எல்லாம் இருந்துச்சு. ஆனா அதெல்லாம் கொஞ்ச நேரம்தான் தாங்கும். கூட்டத்தைக் கடைசி வரைக்கும் கட்டிப்போட்டது, பாக்கறவங்க தலைக்கு நாடகக்காரங்க கொடுத்துக்கிட்டே இருந்த வேலைன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்தோட முதல் வரியைப் பாருங்க. கோட்டையில ஒரு காவல்காரன் நிக்கிறான், இன்னொருத்தன் அவனை மாத்திவிட வர்றான். “யாரது?”ன்னு கேக்க வேண்டியவன் காவல்ல நிக்கிறவன். ஆனா கேக்கறது வர்றவன்! நிக்கிறவன் உடனே, நீ யாருன்னு முதல்ல சொல்லுன்னு அதட்டறான். ஏன் இவன் இவ்வளவு பயப்படறான்னு நமக்குள்ள ஒரு கேள்வி விழுந்துடுது, பதில் இன்னும் வரல. அதுக்குள்ள பன்னெண்டு மணி அடிச்சாச்சு, குளிர் தாங்கல, ஒரு எலி கூட அசையலன்னு பேச்சோட பேச்சா வந்துடும். மேல வெயில் அடிச்சாலும் ராத்திரியும் குளிரும் பாக்கறவன் மண்டைக்குள்ள தயாராயிடும், அதைக் கட்டினது அவனேங்கறதால சீக்கிரம் கலையாது.

அவரோட மூணாம் ரிச்சர்டு நாடகத்துல இதைவிடப் பெரிய வேலை. வில்லன் ரிச்சர்டு தனியா வந்து கூட்டத்தைப் பாத்து, என் அண்ணனை இப்படித்தான் மாட்டிவிடப் போறேன்னு திட்டத்தை முழுசா சொல்லிடறான். மேடை முற்றத்துக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும், மூணு பக்கமும் ஆளுங்க, பகல் வெளிச்சத்துல அவன் நிஜமாவே ஒவ்வொருத்தர் கண்ணையும் பாத்துப் பேசலாம். அடுத்த நிமிஷமே அண்ணன் கைதியா வர்றான், ரிச்சர்டு பாசமா ஆறுதல் சொல்றான், அந்த அண்ணனும் நம்பறான். உண்மை தெரிஞ்சது ரிச்சர்டுக்கும் நமக்கும் மட்டும்தான். ரகசியத்தைச் சுமந்துக்கிட்டு நிக்கிறவன் எங்க கிளம்பிப் போவான்? ரோமியோ ஜூலியட்ல ஆரம்பத்துலயே ரெண்டு பேரும் சாகப்போறாங்கன்னு சொல்லிடறதும் இதே கணக்குதான், என்ன ஆகும்ங்கற கேள்வி போய் எப்படி ஆகும்ங்கற தவிப்பு வந்துடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜூலியஸ் சீசர். தாமஸ் பிளாட்டர்னு ஒரு சுவிஸ் பயணி 1599 செப்டம்பர்ல லண்டன்ல சீசர் நாடகம் பாத்ததா எழுதி வெச்சிருக்கார், அது இதுதான்னு பலரும் நினைக்கிறாங்க. முதல் ஸீன்லயே ரெண்டு அதிகாரிங்க, வேலை நாள்ல வேலையை விட்டுட்டு இங்க என்னடா சுத்தறீங்கன்னு தொழிலாளிங்களைத் திட்டறாங்க. கீழ முற்றத்துல நிக்கிறவங்கள்ல எத்தனை பேரு மத்தியான வேலையை விட்டுட்டு வந்தவங்க! திட்டு நேரா அவங்க மேல விழுது, ரோம் நகரக் கூட்டமாவே அவங்க மாறிடறாங்க. அப்புறம் சீசரைக் கொன்னதும், கொன்னவங்கள்ல ஒருத்தனான புரூட்டஸும் சீசரோட நண்பன் ஆன்டனியும் மாத்தி மாத்திப் பேசி மனசை மாத்தறது இவங்களைத்தான்.

நடிகர்களுக்கும் முழு நாடகத்தைக் கையில கொடுக்க மாட்டாங்க. அவங்கவங்க டயலாக், அதுக்கு முன்னாடி அடுத்தவன் முடிக்கிற ரெண்டு மூணு வார்த்தை, அவ்வளவுதான் தாள்ல இருக்கும். தினமும் வேற வேற நாடகம், ஒத்திகைக்கு நேரமும் கம்மி. அதனால தன் முறை எப்போ வரும்னு மேடையில நிக்கிறவனும் காதைத் தீட்டிக்கிட்டு எதிராளி பேசறதைக் கேட்டே ஆகணும்.