ஆன்டிஃப்ரீஸ்: உறைதடுப்பி

ஜி.பி. ரோட்டுக் கடைகளில் பச்சைக் கேன், சிவப்புக் கேன் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், கூலண்ட். மார்கழி விடியலிலும் ஸ்வெட்டர் தேடாத சென்னைக்கு அது போதும். ஒரகடத்தில் செய்த வண்டி ஜனவரியில் லடாக்கின் லே போய் நிற்கப்போகிறது என்றால் கூலண்ட், ஆன்டிஃப்ரீஸ் இரண்டையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். எஞ்சினைச் சுற்றி ஓடும் மொத்தத் திரவம் கூலண்ட், அதாவது குளிர்வி. அதில் தண்ணீரோடு கலக்கிற கிளைக்கால்தான் ஆன்டிஃப்ரீஸ்.

'ஆன்டி' கிரேக்கம், எதிர் என்று பொருள். 'ஃப்ரீஸ்' பழைய ஆங்கிலச் சொல். கிளைக்கால் என்ற பெயர் பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 1850களில் வைத்தது: கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டையும் ஒட்டிவிட்டார். கிளிசரினுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு இனிப்பு என்று அர்த்தம். ஆன்டிஃப்ரீஸில் வழக்கமாக இருக்கும் எத்திலீன் கிளைக்காலும் இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். வண்டியிலிருந்து வடித்ததைத் திறந்த டப்பாவில் விட்டால் தெருநாய் நக்கிவிடும்.

ஆன்டிஃப்ரீஸைத் தமிழில் பனித்தடுப்பான் என்றால் கண்ணாடியில் படியும் பனிதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது நீர்மம் கெட்டியாவது. பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அந்த 'உறை'. ஆகவே உறைதடுப்பி. உறையெதிர்ப்பியும் தவறில்லை, வாய்க்குத்தான் வசப்படவில்லை. கொதிநிலையை உயர்த்துவதும், உடன் சேர்த்த மருந்துகளால் துருவைத் தடுப்பதும் இரண்டு பெயரிலுமே வரவில்லை.

கேனில் இருப்பது கான்சன்ட்ரேட்டா (தண்ணீர் சேர்க்காதது), ரெடிமிக்ஸா (ஏற்கெனவே கலந்தது) என்று முதலில் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு கிளைக்கால் இருந்தால் சுமார் -18 டிகிரி வரை தாங்கும். ஸ்ரீநகருக்கு அது போதும். லே, திராஸ் என்றால் பாதிக்குப் பாதி; -37 வரை கவலையில்லை. அதிகம் ஊற்றினால் இன்னும் நல்லது என்பது தப்புக் கணக்கு. தண்ணீரே கலக்காத எத்திலீன் கிளைக்கால் -13 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும்.

20 லிட்டர் பிடிக்கும் வண்டியில் மூன்றில் ஒரு பங்குக் கலவை இருக்கிறதா? 5 லிட்டரை வடித்துவிட்டு 5 லிட்டர் கான்சன்ட்ரேட் ஊற்றினால் சரிபாதியாகிவிடும். புதிதாகக் கலப்பதானால் டிஸ்டில்டு வாட்டர்தான். நம்மூர் போர் தண்ணீர் ரேடியேட்டர் குழாயில் உப்பாகப் படியும். பிறகு கேபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூடேறினால் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சுடும்வரை எஞ்சினை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஹீட்டர் கோரில், அதாவது ஹீட்டருக்குள் ஓடும் குழாய்களில், பழைய கலவை அப்படியே தங்கும். எஞ்சின் ஆறியபின், கலவையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். அந்தச் சொட்டு ரேடியேட்டரிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். ரேடியேட்டரோடு இணைந்த ரிசர்வ் பாட்டிலில் உள்ளது பெரும்பாலும் கலந்திருக்காது.

கெடுவது பெரும்பாலும் வழியில்தான். ஹோஸ் கிளிப் கசிய, டிரைவர் தாபா தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்; மேலே ஏறும்போது கலவை நீர்த்திருக்கும். உறையும் நீர் 9 சதவீதம் விரியும், எஞ்சின் பிளாக்கின் துளையை அடைத்திருக்கும் கோர் பிளக் பிதுங்கும், ரேடியேட்டர் டியூப் வெடிக்கும். தண்ணீர் பம்ப் இறுகிப்போனால் பெல்ட் வழுக்கிக் கருகும். ஓடுகிற வண்டியிலும் இது நடக்கலாம். தெர்மோஸ்டாட் மூடியிருக்கையில் எதிர்க்காற்றில் ரேடியேட்டர் மட்டும் உறைந்து, அந்தக் குளிரிலும் எஞ்சின் ஓவர்ஹீட் காட்டும். அப்போது வெந்நீர் ஊற்றக்கூடாது, வண்டியை மூடிய ஷெட்டில் விட்டு இளகவைக்க வேண்டும்.

பிஎஸ்6 டீசல் வண்டியில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் யூரியா டேங்கில் உறைதடுப்பி ஊற்றாதீர்கள். அந்தக் கரைசல் -11 டிகிரியில் உறைவது உண்மைதான். உருக்க அதற்கென்றே ஹீட்டர் இருக்கிறது.