26 மாத்திரை மிச்சம்

எச்ஐவிக்குச் சிகிச்சை எடுக்கும் ஒருவர் கொண்டுவந்த, 30 மாத்திரை பிடிக்கும் டப்பா அது. கணக்குப்படி அன்றைக்கு அதில் 4 மிச்சம் இருக்க வேண்டும். மேசையில் கொட்டி இரண்டிரண்டாக ஒதுக்கி எண்ணினேன், 26 இருந்தது. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று இன்னொரு தடவை எண்ணினேன். அதே 26.

"என்னண்ணே, வேற டப்பாவை எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

அவர் பதில் சொல்லாமல் போனை எடுத்து நீட்டினார். யூடியூப் வீடியோ. பெரிய ஊசி ஒன்று, பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி, "எச்ஐவிக்கு இனி மாத்திரை வேண்டாம்!" என்று எழுத்து. "மாத்திரையை நிறுத்திட்டுத்தான் இந்த ஊசியைப் போடுறாங்களாம் மேடம். எப்படியும் இங்கயும் வரும். அதான் உடம்பை முன்னாடியே தயார் பண்ணி வச்சுக்கலாம்னு..."

எனக்குக் கோபம் வரவில்லை. நாட்டு மருந்து சாப்பிடும் முன் பேதிக்கு எடுத்து வயிற்றைச் சுத்தம் செய்யும் ஊரில் பிறந்தவர். அவர் யோசித்ததில் ஒரு நியாயம் இருந்தது. விஷயம்தான் தப்பு.

கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் ஆலோசகராக 14 வருடம் உட்கார்ந்திருக்கிறேன். (இவரைப் பற்றிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அடையாளத்தை வெளியிடக் கூடாது என்னும் 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதுவேன்.) அந்த வீடியோ முழுப் பொய் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) ஏற்றிப் பார்க்கும் ஆய்வுகள் பத்து வருடமாக நடக்கின்றன, அதுவும் நல்ல ஆய்வுகள். ஆனால் 'நிறுத்திவிட்டு' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு காவல் இருக்கிறது என்பதைத்தான் யாரும் வீடியோ போடுவதில்லை.

முதலில் ஆன்டிபாடி. எச்ஐவி வந்த எல்லோர் உடம்பும் ஆன்டிபாடி உண்டாக்கும். நம்பிக்கை மையத்தில் செய்யும் பரிசோதனையே அதைத்தான் தேடுகிறது. ஆனால் அந்த ஆன்டிபாடியால் பெரிய பிரயோஜனம் இல்லை. அது அடையாளம் கண்டு பிடிக்க வருவதற்குள் வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டு போய்விடும். ரொம்பக் கொஞ்சம் பேருக்கு மட்டும், தொற்று வந்து சில வருடம் கழித்து, வேறு மாதிரி ஆன்டிபாடி உருவாகிறது. அது சட்டையைப் பார்ப்பதில்லை. வைரஸ் எத்தனை வேஷம் போட்டாலும், எதிர்ப்பு சக்திக்கு ஆதாரமான சிடி4 செல்லைப் பிடிக்க ஒரு கையை நீட்டியே ஆக வேண்டும், அந்தக் கையை அதிகம் மாற்றிக்கொள்ள முடியாது. இந்த வகை ஆன்டிபாடிகளில் சில அங்கேதான் போய் ஒட்டும். 2010இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த தடுப்பூசி ஆய்வு மையம் அப்படி ஒன்றை, எச்ஐவி உள்ள ஒருவர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது. பெயர் விஆர்சி01. ஆய்வகத்தில் சோதித்த எச்ஐவி ரகங்களில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தை அது முடக்கியது.

சரி, ஆய்வகத்தில் முடக்கியது. மனித உடம்பில் முடக்குமா?

இங்கேதான் மாத்திரையை நிறுத்தும் பேச்சு வருகிறது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் வைரஸே தென்படாது. அவருக்கு ஆன்டிபாடி ஏற்றினாலும் தென்படாது, தண்ணீரை ஏற்றினாலும் தென்படாது. எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? மாத்திரையை விலக்கினால்தான் தெரியும். தூங்கிக்கொண்டிருக்கும் சிடி4 செல்களுக்குள் வைரஸ் தன் மரபணுவைப் பதுக்கி வைத்திருக்கிறது. அந்தப் பதுக்கலை மாத்திரை தொடுவதில்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்டு அது தானாகக் கரைய வேண்டுமென்றால் 70 வருடத்துக்கு மேல் ஆகும் என்று ஒரு கணக்கு உண்டு. மாத்திரை நின்றால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வைரஸ் ரத்தத்துக்குத் திரும்பிவிடும். ஆன்டிபாடி அதை எத்தனை வாரம் தள்ளிப்போடுகிறது என்பதுதான் அளவு.

விஆர்சி01ஐ வைத்து அமெரிக்காவில் இரண்டு சிறு ஆய்வுகள் நடந்தன. சேர்ந்தவர்கள் இரண்டிலும் சேர்த்து 24 பேர். 2016இல் முடிவு வந்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் நரம்பு வழியாக ஏற்றினார்கள். 60 கிலோ ஆளுக்கு ஒரு தடவைக்கு இரண்டரை கிராம் கிட்ட வரும். அது வீடியோவில் காட்டிய ஊசி இல்லை, டிரிப். ஆன்டிபாடி இல்லாமல் நிறுத்திய பழைய ஆய்வுகளில் நான்காவது வாரத்தில் 13 சதவீதம் பேருக்குத்தான் வைரஸ் அடங்கியிருந்தது. இங்கே ஓர் ஆய்வில் 38 சதவீதம், இன்னொன்றில் 80 சதவீதம். எட்டாவது வாரம் வந்தபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. ஆன்டிபாடிக்குப் பிடிபடாத ரகங்கள் சிலர் உடம்பில் முதலிலிருந்தே இருந்தன. அவை மேலே வந்துவிட்டன.

எங்கள் துறையில் பழையவர்களுக்கு இது தெரிந்த கதைதான். 1987இல் ஏஇசட்டி என்ற ஒற்றை மருந்து வந்தபோதும் இதுவே நடந்தது. 1996 வாக்கில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் வைரஸ் அடங்கியது. ஆன்டிபாடியிலும் அப்படியே ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனார்கள். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மிஷேல் நுசன்ஸ்வைக் குழு 3பிஎன்சி117, 10-1074 என்ற இரண்டையும் சேர்த்து மூன்று முறை ஏற்றியது. 2018இல் வந்த முடிவுப்படி, இரண்டு ஆன்டிபாடிக்கும் பிடிபடும் வைரஸ் உள்ளவர்களுக்கு வைரஸ் திரும்ப நடுநிலைக் கணக்கில் (மீடியன்) 21 வாரம் ஆனது. அப்புறம் இதே இரண்டையும் உடம்பில் நீண்ட நாள் தங்கும்படி மாற்றி, பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் 68 பேரிடம் ரியோ ஆய்வு நடந்தது. தொற்று வந்த கொஞ்ச நாளிலேயே சிகிச்சை தொடங்கியவர்கள் அவர்கள். 2025 மார்ச்சில் சொன்ன முடிவு: 20வது வாரத்தில் ஆன்டிபாடி பெற்றவர்களில் நான்கில் மூன்று பேருக்கு வைரஸ் அடங்கியே இருந்தது. போலி மருந்து பெற்றவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் அப்படி.

அந்தப் போலி மருந்து வரிசையில் உட்கார்ந்தவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தனக்கு ஏறுவது வெறும் உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம் என்று தெரிந்தே கையை நீட்டியவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் மேலே சொன்ன எண்களுக்கு அர்த்தமே கிடையாது.

நம் ஆட்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்தது. இந்தியாவில் பரவலாக இருப்பது எச்ஐவியின் 'சி' வகை. அங்கேயும் அதுதான். ஃபிரெஷ் என்ற அந்தத் திட்டத்தில் இளம்பெண்களுக்கு வேலைப் பயிற்சி கொடுத்துக்கொண்டே வாரம் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். யாருக்காவது தொற்று வந்தால் சில நாட்களிலேயே கண்டுபிடித்து மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அப்படிச் சிகிச்சையில் இருந்த 20 பெண்களுக்கு வேறு இரண்டு ஆன்டிபாடியும் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் ஒரு மாத்திரையும் கொடுத்து, பிறகு வழக்கமான மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். இதன் முடிவும் 2025இல்தான் வந்தது. அவர்களில் 4 பேர் ஆய்வு முடியும்வரை வழக்கமான மருந்து இல்லாமலே இருந்தார்கள்.

இப்போது காவலுக்கு வருகிறேன். மாத்திரையை இடையில் நிறுத்துவதன் விலை என்ன என்று இந்தத் துறைக்கு நன்றாகத் தெரியும். 33 நாடுகளில் 5,472 பேர் சேர்ந்த ஸ்மார்ட் என்ற ஆய்வு, சிடி4 எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்தால் தொடங்கலாமா என்று பார்த்தது. நிறுத்தியவர்களுக்குச் சந்தர்ப்பவாத நோயோ (எதிர்ப்பு சக்தி குறையும்போது தாக்கும் நோய்) மரணமோ வரும் ஆபத்து 2.6 மடங்கு. 2006 ஜனவரியில் ஆய்வைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். இன்றைய ஆன்டிபாடி ஆய்வுகளின் விதிகளில் அந்தப் பயம் இருக்கிறது. சிடி4 குறைவாக உள்ளவரைச் சேர்ப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, பார்ப்பார்கள். வைரஸ் ஏறி அங்கேயே நின்றாலோ சிடி4 இறங்கினாலோ அதே வாரம் மாத்திரை. எந்த எண்ணில் திரும்பத் தொடங்குவது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும், ஆனால் அந்த எண் முதல் நாளே எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு விஷயம் செய்திகளில் வரவே வராது. ஒன்று, மஞ்சள் காமாலை பி. இங்கே பெரும்பாலானவர்கள் சாப்பிடும் டிஎல்டி மாத்திரையில் மூன்று மருந்து இருக்கிறது. அதில் டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் சேர்த்து அடக்குகின்றன. அந்தத் தொற்றும் உள்ள ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று வீங்கி உயிருக்கே உலை வைக்கலாம். ஆய்வுகளில் அப்படிப்பட்டவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் தானாக நிறுத்துகிறவரை யார் திருப்பி அனுப்புவது? இன்னொன்று, எஃபாவிரென்ஸ் போன்ற பழைய மருந்துகள் கூடச் சாப்பிட்ட மற்ற இரண்டும் உடம்பை விட்டுப் போன பிறகும் நாள் கணக்கில் தங்கும். ஒற்றை ஆளாக வைரஸ் முன்னால் நின்றால், அந்த மருந்தை எப்படி ஏய்ப்பது என்று வைரஸ் கற்றுக்கொள்ளும். அதனால் ஆய்வில் சேர்கிறவருக்கு முதலில் மருந்தை மாற்றிக் கொடுத்து, பிறகுதான் நிறுத்துவார்கள்.

இவற்றையெல்லாம் அன்றைக்கு அவரிடம் வரிசையாகச் சொல்லவில்லை, பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அன்றைக்கு நான் கேட்டது ஒன்றுதான்.

"வீட்ல அக்காவுக்கு?"

அவர் மனைவிக்குத் தொற்று இல்லை. ஒவ்வொரு தடவையும் நெகட்டிவ். வைரஸ் தென்படாத அளவில் இருந்தால் உறவின் வழியே அடுத்தவருக்குப் போகாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அந்த வாக்கியம் மாத்திரை சாப்பிடும்வரைக்கும்தான். ஆய்வுக்காக நிறுத்தியவரிடமிருந்து துணைக்குத் தொற்றிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் இப்போது துணையையும் உட்கார வைத்துப் பேசி, தடுப்பு மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் மேசையிலிருந்த மாத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்புக்கு ஒண்ணும் தெரியலையே மேடம்" என்றார். தெரியாது. வைரஸ் திரும்பும்போது சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி வரும். பலருக்கு ஒன்றுமே வராது.

அன்றைக்கே டாக்டர் பார்த்தார், வைரல் லோடுக்கு ரத்தம் எடுத்தோம், இரவே மாத்திரையைத் தொடங்கச் சொன்னோம். முடிவு வந்தபோது வைரஸ் திரும்பியிருந்தது. மறுநாளே அவர் மனைவியையும் வரச்சொல்லிப் பரிசோதித்தோம். நெகட்டிவ். இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் பார்த்தோம், நெகட்டிவ்தான். அந்த இரண்டு பரிசோதனைக்கும் நடுவில் அவர் எனக்கு எத்தனை முறை போன் செய்தார் என்பதை எண்ணவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்தார். நான் கேட்கும் முன்பே டப்பாவைத் திறந்து மேசையில் கொட்டி அவரே எண்ணினார். 5. கணக்கு சரி. வைரல் லோடும் அடங்கியிருந்தது. கிளம்பும்போது கதவருகில் நின்று, "அந்த டர்பன் பொண்ணுங்க 20 பேர்ல 4 பேருக்கு மருந்தே வேண்டியிருக்கலைன்னீங்களே. மத்த 16 பேரு?" என்றார்.

"மாத்திரைக்குத் திரும்பிட்டாங்க."

"நம்மள மாதிரி" என்று சொல்லிவிட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.