பிளக்கில் செருகும் சோலார்: 800 வாட் வரை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

பால்கனிக் கம்பியில் இரண்டு சோலார் பேனலைக் கட்டி, அதன் ஒயரைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் செருகினால் வீட்டுக்கு மின்சாரம் வந்துவிடும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பிளக் பாயிண்ட் மின்சாரம் எடுக்கிற இடம்தானே? கொடுக்கவும் செய்யலாம். ஜெர்மனியில் இப்படிப் பத்து லட்சத்துக்கும் மேல் பதிவாகியிருக்கின்றன.

பேனலில் பிறப்பது நேர்மின்னோட்டம். அதன் பின்னால் இருக்கும் சின்ன இன்வெர்ட்டர் (மின்வெட்டுக்கு வைக்கும் பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல), வீட்டு லைனில் நொடிக்கு 50 அல்லது 60 முறை ஏறி இறங்கும் மின்னழுத்த அலையைக் கவனித்து, அதே தாளத்தில் மின்னோட்டத்தை உள்ளே தள்ளுகிறது. ஃபிரிட்ஜ், ஃபேன் என்று அப்போது ஓடுகிற எதுவும் அதை எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு 500 வாட் தேவை, பேனல் 300 தருகிறது என்றால் மீட்டர் 200-ஐ மட்டும்தான் கணக்கிடும்.

சரி, கரண்ட் போனால்? பிளக்கைப் பிடுங்கி அதன் உலோகக் கம்பியைத் தொட்டால்? இரண்டுக்கும் பதில் ஒன்றே. இந்த இன்வெர்ட்டர் தானாக அலை உண்டாக்காது, லைனில் இருக்கும் அலையைப் பின்தொடரும். அது மறைந்ததும் நின்றுவிடும். அதனால்தான் கம்பத்தில் வேலை செய்பவருக்கும் ஆபத்தில்லை, மின்வெட்டு நேரத்தில் உங்களுக்கும் பயனில்லை.

உண்மையில் யோசிக்க வேண்டியது சுவருக்குள் இருக்கும் ஒயரைப் பற்றித்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தை மட்டுமே பார்க்கும். அதே சர்க்யூட்டில் பேனலும் 3.5 ஆம்பியர் தந்தால், ஒயரின் ஏதோ ஒரு பகுதியில் 19.5 ஆம்பியர் ஓடலாம், எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. 230 வோல்ட்டில் 800 வாட் என்பது இந்த 3.5 ஆம்பியர்தான். நல்ல ஒயரில் அந்த அளவுக்குக் கூடுதல் தாங்குதிறன் இருக்கும், அப்புறம் உச்சி வெயிலும் முழு லோடும் ஒரே சர்க்யூட்டில் நெடுநேரம் சேர்ந்து வருவதும் அபூர்வம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பேனலையும் ஹீட்டரையும் சேர்த்துச் செருகுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இந்த அளவு சாதனத்துக்கு மின் நிலையம் அமைப்பது போன்ற விண்ணப்பங்கள் எதற்கு என்ற கேள்விக்கு ஜெர்மனி 2024 மே மாதம் பதில் சொன்னது. இன்வெர்ட்டர் வரம்பு 600-லிருந்து 800 ஆனது, பேனல் 2000 வாட் வரை வைக்கலாம் (மேகமூட்டத்திலும் 800-ஐ நெருங்கத்தான்), மின் விநியோக நிறுவனத்துக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டாம், இணையத்தில் ஒரு பதிவு போதும். சக்கரம் சுற்றும் பழைய மீட்டர் உபரி மின்சாரத்தில் பின்னோக்கி ஓடும். மாற்றும்வரை அதையும் பொறுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வாடகைக்காரருக்கும் உரிமை வந்தது, தக்க காரணமில்லாமல் வீட்டு உரிமையாளர் மறுக்க முடியாது.

அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 2025-இல் 1200 வாட் வரை அனுமதித்தது. எனக்கு இதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. அங்கே 120 வோல்ட், ஆகவே 1200 வாட் என்பது 10 ஆம்பியர். வீட்டு சர்க்யூட்டுகளோ பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர்தான். சாதனத்துக்குப் பாதுகாப்புச் சான்று வேண்டும் என்று சட்டம் கேட்கிறது, நல்லது. ஆனால் அந்தச் சான்று சுவருக்குள் இருக்கும் பழைய ஒயரைப் பார்க்காது. பேனலுக்கென்று தனி சர்க்யூட் இழுத்து, வேறெதையும் அதில் செருகாமல் விட்டால் இந்தச் சிக்கலே எழாது. எலெக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலைதான்.