பவர் ஏற்றிய பிக்கப்பில் கியர் ஸ்லிப் ஆகிறதா? கியர்பாக்ஸ் பெட்டியை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்று "ஸ்லிப் ஆகுது" என்று வந்தால், நான் முதலில் பானெட்டைத் திறந்து டியூனிங் பாக்ஸ் (பவரை ஏற்ற இன்ஜின் வயரில் செருகும் சின்னக் கருவி) மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பெங்களூரு வில்சன் கார்டனில் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கிறேன். பெரிய டயர், லிஃப்ட் கிட், இரும்பு பம்பர், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) என்று எல்லாம் செய்த வண்டிகள் இப்போது நிறைய வருகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்தும் நம் ஆட்கள் கொண்டுவருகிறார்கள். வண்டிக்கு லட்சக்கணக்கில் செலவழித்திருப்பார்கள். கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்க மாட்டார்கள். ஸ்லிப் என்றதும் யாராவது "பெட்டி போச்சு, ஓவர்ஹால்தான்" என்று சொல்லியிருப்பார்கள். பல வண்டிகளுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

அறிகுறிகள் எளிது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆர்.பி.எம் முள் ஏறும், வேகம் கூடாது. கியர் மாறும்போது இன்ஜின் ஒரு கணம் கத்திவிட்டு அப்புறம் பிடிக்கும். டி-யில் போட்டதும் இழுக்காமல் சற்று யோசித்துவிட்டு நகரும்.

ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஆயில் பிரஷர்தான். அந்தப் பிரஷர் எப்போதும் ஒரே அளவில் இருக்காது. இப்போது இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) கொடுக்கிறேன் என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரான டி.சி.யூ பிரஷரைக் கூட்டும், குறைக்கும். டியூனிங் பாக்ஸ் இந்தப் பேச்சைக் கெடுத்துவிடுகிறது. பெரும்பாலான பாக்ஸ்கள் காமன் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் உயர் அழுத்தக் குழாய்) பிரஷர் சென்சாரின் வயரில் நடுவே உட்கார்ந்து, உண்மையில் இருப்பதைவிடப் பிரஷர் குறைவாக இருப்பதாக ஈ.சி.யூவிடம் சொல்லும். ஈ.சி.யூ அதை நம்பி ரெயில் பிரஷரை ஏற்றும், டீசல் கூடுதலாகப் போகும், வண்டி பாயும். ஈ.சி.யூவின் கணக்கில் மட்டும் டார்க் பழைய அளவிலேயே இருக்கும். டி.சி.யூவுக்குப் போவதும் அந்தப் பழைய எண்தான். கிளட்சுக்கு வரும் சுமை ஒன்று, அதைப் பிடிக்கக் கொடுக்கும் பிரஷர் வேறொன்று. வழுக்காமல் என்ன செய்யும்?

முறையான ரீமேப்பிலும் இந்த டார்க் கணக்கைத் திருத்தாமல் விடுகிறவர்கள் உண்டு. கம்பெனிக்காரர்களே இதில் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் பாருங்கள். ஹைலக்ஸில் இன்ஜின் அதே 2.8 லிட்டர்தான். ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், மேனுவலில் 420. கியர்பாக்ஸை மனதில் வைத்துத்தான் டார்க்கை அளந்து கொடுக்கிறார்கள். நாம் ஒரு பாக்ஸை மாட்டி ஒரே மதியத்தில் அதைத் தாண்டிவிடுகிறோம்.

டயரும் இதில் சேர்த்தி. 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 285/70 ஆர்17 போட்டால் டயரின் விட்டம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். அந்த அளவுக்கு எல்லா கியரும் உயர்ந்துவிட்ட மாதிரி ஆகும். வண்டியை நகர்த்தப் பெட்டி கூடுதலாக உழைக்க வேண்டும். ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும்.

சமீபத்தில் ஓசூர்த் தம்பி ஒருவர் இப்படி ஒரு பிக்கப்பைக் கொண்டுவந்தார். "ஃபுல்லா மிதிச்சா நல்லா போகுதுண்ணா, பாதி மிதிச்சாத்தான் நழுவுது" என்றார். இந்த ஒரு வாக்கியமே எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. முழுக்க மிதித்தால் பெட்டி கீழ் கியருக்கு இறங்கி, இன்ஜின் மேல் சுற்றில் ஓடும். பாதி மிதித்தால் மேல் கியரிலேயே 1700, 2000 சுற்றில் இழுக்கும். டீசலின் டார்க் உச்சத்தில் இருக்கும் இடம் அது. டியூனிங் பாக்ஸ் அதிகமாக ஏற்றி வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஸ்கேனரை மாட்டி, அத்திப்பள்ளி தாண்டி நெடுஞ்சாலையில் அவரையே ஓட்டச் சொன்னேன். திரையில் நான் பார்ப்பது மூன்று எண்கள்: இன்ஜின் சுற்று, டர்பைன் சுற்று (பெட்டிக்குள் போகும் சுற்று), வெளியே போகும் ஷாஃப்ட்டின் சுற்று. இன்ஜினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைப்பது டார்க் கன்வெர்ட்டர், அதை நேராகப் பூட்டும் கிளட்ச்தான் லாக்-அப். லாக்-அப் பிடித்த பிறகும் இன்ஜினுக்கும் டர்பைனுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் கோளாறு டார்க் கன்வெர்ட்டரில். டர்பைனையும் வெளியே வரும் சுற்றையும் வகுத்துப் பார்த்து, அது கியர் விகிதத்தோடு ஒத்துவராவிட்டால் கோளாறு உள்ளே இருக்கும் கிளட்சில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பெட்டியை இறக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை.

அவர் வண்டியில் நான்காவது கியர் 1:1. உள்ளே 1900 என்றால் வெளியேயும் 1900 வர வேண்டும். பாதி மிதியில் வெளியே 1750-ஐ ஒட்டி வந்தது. இன்ஜினும் டர்பைனும் ஒன்றாகவே ஓடின, ஆகவே கன்வெர்ட்டர் தப்பித்தது. ஐந்து, ஆறிலும் அதே வழுக்கல், முதல் மூன்று கியரில் ஒன்றும் இல்லை. பல ஆறு கியர் பெட்டிகளில் 4, 5, 6 மூன்றுக்கும் ஒரே கிளட்ச்தான் பொது. குற்றவாளி அதுதான் என்று சாலையிலேயே தெரிந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி டியூனிங் பாக்ஸைக் கழற்றி, பழைய இணைப்பைக் கொடுத்து, அதே சாலையில் அதே மிதியில் ஓட்டினோம். உள்ளே, வெளியே இரண்டு எண்ணும் ஒட்டிக்கொண்டன. தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப்பில், பெட்டியின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைத் திறந்தோம். இங்கே பார்க்க வேண்டியது காந்தம். அதில் பசை மாதிரி படிந்திருக்கும் சாம்பல் நிற நுண்பொடி சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். விரல் நுனியில் தேய்த்தால் உறுத்துகிற உலோகத் துணுக்கு இருந்தால் கவலைப்பட வேண்டும். ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விடுங்கள். நடுவில் கருப்பாகத் துகள் தங்கி, கருகிய வாடை அடித்தால் பிளேட்டின் லைனிங் எரிந்திருக்கிறது. அந்த லைனிங்கின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எரிந்துவிட்டால் எந்த ஆயிலாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இவர் வண்டியில் ஆயில் கருத்திருந்தது, கருகிய வாடை இல்லை. ஆயில், ஃபில்டர் மாற்றி, அடாப்டேஷனை (டி.சி.யூ தானாகச் செய்துகொள்ளும் பிரஷர் திருத்தங்களை) புதிதாகக் கற்கவைத்து அனுப்பினேன். கிளட்சின் ஆயுளில் ஒரு பங்கு போய்விட்டது, திரும்ப பாக்ஸ் மாட்டினால் அடுத்த முறை ஓவர்ஹால்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அடாப்டேஷன் பற்றி ஒரு வார்த்தை. பிளேட் தேயத் தேய, டி.சி.யூ தானாகவே பிரஷரைத் திருத்திச் சமாளித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு திருத்தியிருக்கிறது என்ற எண்களில் அந்தப் பெட்டியின் வரலாறே இருக்கிறது. ஸ்கேனரை மாட்டியதும் ஃபால்ட் கோடுகளையும் அடாப்டேஷனையும் அழித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று அனுப்புகிற வழக்கம் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. பி0741 என்றால் கன்வெர்ட்டர் லாக்-அப், பி0730 என்றால் கியர் விகிதம் தவறு, பி0218 என்றால் பெட்டி சூடேறியது. குறித்து வைத்துக்கொண்டு அப்புறம் அழிக்கட்டும்.

லாக்-அப் கோளாறை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காலியான நெடுஞ்சாலையில், பின்னால் வண்டி வராதபோது, 70, 80-ல் ஒரே சீராகப் போகையில் வண்டி அதிர்ந்தால், ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் லேசாகத் தொடுங்கள். லாக்-அப் விடுபடும். உடனே அதிர்வு நின்றால் கன்வெர்ட்டர் பக்கம் பாருங்கள். நிற்காவிட்டால், லிஃப்ட் கிட் போட்ட வண்டியில், பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தைச் சந்தேகியுங்கள். அதைக் கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்துப் பணம் செலவழித்தவர்கள் உண்டு.

பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு முழுக்க மிதிக்கும் ஸ்டால் டெஸ்டை, பவர் ஏற்றிய வண்டியில் நான் செய்வதில்லை. அந்தச் சில விநாடிகளில் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கொதிக்கும். பலவீனமான கிளட்ச் அந்தச் சோதனையிலேயே செத்துவிடும்.

சூடுதான் பெட்டிக்குப் பெரிய எதிரி. சாதாரண ஓட்டத்தில் ஆயில் 80, 95 டிகிரிக்குள் இருக்கும். 120-ஐத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் ஆயிலின் ஆயுள் வேகமாகக் குறையும், ரப்பர் சீல்கள் இறுகும். நம் ஊரில் சூடேறக் காடு மலை தேவையில்லை. மே மாத மதியம் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்தாலே போதும். இரும்பு பம்பர், விஞ்ச், லைட் பார் எல்லாம் முன்னால் நின்று கூலருக்குப் போகும் காற்றை மறைக்கும். சேற்றில் விளையாடிய வண்டியில் ஃபின்களுக்கு நடுவே மண் காய்ந்து கிடக்கும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இப்படி ஒரு வண்டியை ஏற்றுகிறவர், தனியாக ஒரு ஆயில் கூலர் போட்டுக்கொள்வது அவசியம் என்பேன். ரேடியேட்டருக்குள்ளேயே கியர்பாக்ஸ் கூலர் இருக்கும் வண்டியில் அது உள்ளே கசிந்தால் கூலண்ட் ஆயிலில் கலந்து, பால் கலந்த ரோஸ் நிறத்தில் வரும். அப்படிப் பார்த்தால் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். கூலண்ட் லைனிங்கின் பசையையே கரைத்துவிடும்.

ஆயில் அளவும் பலர் தவறவிடும் இடம். நிறைய பெட்டிகளில் டிப் ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓடும்போது, கம்பெனி சொன்ன வெப்பநிலையில், ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். பல ஐசின் கம்பெனிப் பெட்டிகளில் அது 40 டிகிரியை ஒட்டி. நன்றாகச் சூடான பெட்டியில் பார்த்தால் ஆயில் விரிந்து, அளவு குறைவாக இருந்தாலும் சரியாக இருப்பது போலத் தெரியும். ஸ்லிப்பை நிறுத்தும் என்று விற்கும் பாட்டில் மருந்துகளை நான் ஊற்றுவதில்லை.

பவர் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. டியூன் செய்கிறவரிடம் இவற்றைக் கேளுங்கள்: டார்க் கணக்கை ஈ.சி.யூவில் திருத்துவீர்களா, டி.சி.யூவின் மேப்பையும் மாற்றுவீர்களா, 2000 சுற்றுக்குக் கீழே எவ்வளவு ஏற்றுவீர்கள்? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை அனுமதிப்பதில்லை. வாரண்டி, இன்ஷூரன்ஸ் கேட்கப் போகும்போது இதெல்லாம் எழும்.

ஸ்லிப் தெரிந்த பிறகு "ஊர் வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம்" என்று ஓட்டாதீர்கள். மேலே சொன்ன அந்த மெல்லிய லைனிங் ஒவ்வொரு வழுக்கலிலும் எரிகிறது. சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்கவும் வேண்டாம். இன்ஜின் ஓடாவிட்டால் பெட்டிக்குள் பம்ப் சுற்றாது, உள்ளே எண்ணெய் போகாது. ஃபிளாட்பெட் வண்டியைக் கூப்பிட்டு, நான்கு சக்கரமும் மேலே ஏறும்படி ஏற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.