மூளை அலையைப் பதிவு செய்யும் ஈஈஜி ‘நார்மல்’ என்று வந்துவிட்டது, வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. மீதியைப் படிக்க நேரம் இல்லாதவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் பக்கத்து ஆள். மருத்துவமனையில் மூளை அலைகளையும் நரம்புகளையும் சோதிக்கிற டெக்னீஷியன் வேலை. ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, லங்காப் என்று சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறிய குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வலிப்பு வந்தது என்று ஈஈஜி எடுப்பார்கள், கிளினிக்கில் ‘நார்மல்’ என்று சொல்வார்கள், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கோயிலில் ஓர் அர்ச்சனை, அதோடு மாத்திரையும் நின்றுபோகும். சில மாதம் கழித்து அதே ஆள் நெற்றியில் தையலோடு வருவார், இல்லையென்றால் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டு வருவார். ‘அதான் மிஷின்லயே ஒண்ணும் இல்லன்னு வந்துச்சே’ என்பார்கள்.

மிஷின் பார்த்தது அரை மணி நேரம்தான். செம்பனைக் குலை திருட மாதம் ஒரு ராத்திரி வருகிறவனை, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காவல் நின்று பிடிக்க முடியுமா? வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் முதல் ஈஈஜியில் அதன் அடையாளம் தெரியும். தூக்கத்தைக் குறைத்து மறுபடி எடுத்தால் இன்னும் கொஞ்சம் பேருக்குத் தெரியும், சிலருக்கு எத்தனை முறை எடுத்தாலும் தெரியாது. இதற்கு நேர்மாறாக, வாழ்க்கையில் ஒருநாளும் வலிப்பே வராத ஒருசிலரின் பதிவிலும் கோளாறான அலை தெரிவதுண்டு. அதனால் மருத்துவர் நோயை முடிவு செய்வது முதலில் நீங்கள் சொல்லும் கதையை வைத்து, அதற்குப் பிறகுதான் என்னுடைய பதிவு. மாத்திரையைக் குறைப்பதைப் பற்றிப் பொதுவாக அவர்கள் யோசிப்பதே குறைந்தது இரண்டு வருடமாவது வலிப்பு வராமல் இருந்தால்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பி வரலாம்.

அந்தக் கதையைத்தான் நம் ஆட்கள் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். வலிப்பு வந்ததைப் பார்த்தவர் அம்மா. ஆனால் மருத்துவமனைக்குக் கூட்டி வருகிறவர் கோலாலம்பூரில் வேலை செய்யும் அண்ணன், ஏனென்றால் அவரிடம்தான் கார் இருக்கிறது. அவர் ஒன்றையும் பார்த்ததில்லை, ‘விழுந்துட்டான், கை கால் இழுத்துச்சாம்’ என்பதோடு அவர் கதை முடிந்துவிடும். எந்தப் பக்கத்துக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, நாக்கைக் கடித்தாரா, தூக்கத்திலா விழித்திருக்கும்போதா, எழுந்த பிறகு எவ்வளவு நேரம் ஆளை அடையாளம் தெரியவில்லை, இதெல்லாம் பார்த்தவருக்குத்தான் தெரியும். அவரைக் கூட்டி வாருங்கள். வர முடியாவிட்டால் கிளினிக்கில் இருக்கும்போது போனிலாவது பிடித்துக் கொடுங்கள். அடுத்த முறை வலிப்பு வரும்போது பக்கத்தில் இருவர் இருந்தால், ஒருவர் ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர் போனில் வீடியோ எடுக்கட்டும். ‘இந்த நேரத்துல வீடியோவா’ என்று பெரியவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். ஒரு நிமிட வீடியோ பல சமயம் என்னுடைய அரை மணி நேரப் பதிவைவிட மருத்துவருக்கு உதவும். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சாவியைக் கையில் திணிப்பது இன்னும் நடக்கிறது. இரும்பு வலிப்பை நிறுத்தாது, தானாக நிற்கிற நேரத்தில் நீங்கள் சாவி கொடுத்திருப்பீர்கள், அவ்வளவுதான். வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு வருவதற்குள் அடுத்தது வந்தாலோ, அடுத்த யோசனையே வேண்டாம், 999-க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். தலையை டேப்பால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, சுமார் 21 இடங்களில் சிறிய உலோக வில்லைகளைப் பசை வைத்து ஒட்டுவோம். ‘கரண்டு வைக்கப் போறாங்க’ என்று பயந்து அழுகிற பாட்டிமார் உண்டு, பழைய சினிமா செய்த வேலை. ஈஈஜியில் எதுவும் உள்ளே போகாது, மூளையிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வது மட்டும்தான். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து இதை முதன்முதலாகப் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டபோது, பலர் அதை நம்பவே இல்லை. நம்பாததில் ஆச்சரியமும் இல்லை, அவ்வளவு சின்ன மின்சாரம் அது. கடையில் வாங்கும் பேட்டரி 1.5 வோல்ட் என்றால், தலைத்தோலில் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட்தான், அதாவது அந்தப் பேட்டரியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. பல்லைக் கடித்தால், கண்ணைச் சிமிட்டினால், வியர்த்தால்கூட அதை மறைத்துவிடும்.

அதனால்தான் எண்ணெய் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறோம். பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறோமே என்று காலையில் நன்றாகத் தேங்காய் எண்ணெய் தடவி, இழுத்து இரட்டைப் பின்னல் போட்டு, பூவும் வைத்து அனுப்புகிற அம்மாக்களை எனக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தலையில் வில்லை ஒட்டாது, ஒட்டினாலும் மூளை அலைக்குப் பதிலாக வெறும் இரைச்சல்தான் பதிவாகும், நான் தேய்த்துத் தேய்த்தே பாதி நேரம் போய்விடும். முதல் நாள் இரவு ஷாம்பு போட்டு அலசுங்கள், எண்ணெய், கண்டிஷனர், ஜெல் எதுவும் வேண்டாம், முடியைக் காயவைத்து அவிழ்த்துவிட்டு வாருங்கள். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டவர்கள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம்.

பசியாறிவிட்டு வாருங்கள். இது ரத்தப் பரிசோதனை இல்லை, வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கினால் அலைகளே மாறும். வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு வாருங்கள், மருத்துவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் தவிர. தூக்கத்தைக் குறைத்து வரச் சொன்னால் சொன்ன அளவுக்குக் குறையுங்கள். முக்கியமாக, அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வலிப்பு உள்ளவர், இரவெல்லாம் தூங்காமல், செம்பனை லோரிகள் ஓடுகிற சாலையில் தனியாக மோட்டாரில் வந்து இறங்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கை நடுங்கும்.

பதிவின் நடுவில் 3 நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடச் சொல்வோம், கண்ணுக்கு எதிரே விளக்கை மின்ன விடுவோம். ஆஸ்துமா, இருதய நோய், அண்மையில் பக்கவாதம், கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மூச்சுப் பகுதியை விட்டுவிடலாம். இந்த 3 நிமிடத்தை ஏனோதானோ என்று செய்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் சில பிள்ளைகளுக்கு முழு விடையும் இங்கேதான் கிடைக்கும். தமிழ்ப்பள்ளியில் படிக்கிற ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் கவனம் இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, மார்க் இறங்கிவிட்டது என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு. காகிதக் காற்றாடியை ஊதச் சொல்வோம். ஊதிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று ஊதல் நின்றுவிடும், கண் வெறித்துப் பார்க்கும், திரையில் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் பெரிய பெரிய அலைகள் ஓடும். பத்துப் பதினைந்து நொடியில் எல்லாம் அடங்கி, ஒன்றுமே நடக்காதது போல அந்தப் பிள்ளை மறுபடி ஊத ஆரம்பிக்கும். இப்படி ஒரு நாளைக்குப் பலமுறை வரும். கை கால் இழுக்காமலும் வலிப்பு வரலாம் என்பதைப் பக்கத்தில் நிற்கிற அம்மா அப்போதுதான் பார்ப்பார். பகல்கனவு காண்கிறாள் என்று சொல்லப்படும் பிள்ளையை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், வலிப்பு என்று வெளியே தெரியக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவமனையில் பார்த்துவிடுவாரோ என்று தேதியையே தள்ளிப் போடுவார்கள். லோரி ஓட்டுகிறவர் லைசென்ஸ் போய்விடும் என்று ‘மயக்கம்’ என்று மட்டும் சொல்வார். சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிப்பவர் குடிப்பதைச் சொல்லவே மாட்டார், ஆனால் தினமும் நிறையக் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால், அடுத்த ஓரிரு நாளுக்குள்ளேயே அதனால் வலிப்பு வரலாம், அதற்கு மருத்துவமே வேறு. ஊரிடம் சொல்லாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்யாணம் ஆகப் போகிற பெண் என்றால் இன்னும் அவசியம், ஏனென்றால் சோடியம் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும், கர்ப்பத்துக்கு முன்பே மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும். பயந்துபோய்த் தானாக நிறுத்துவதும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்துதான்.

விரதம் இருக்கிற காலத்திலும் மாத்திரை விட்டுப்போகிறது. காவடி எடுப்பதாக வேண்டுதல், விரதத்தில் மாத்திரை சாப்பிடலாமா கூடாதா என்ற குழப்பம், அப்புறம் இரவெல்லாம் விழிப்பு. எங்கள் ஊரில் சித்திரா பௌர்ணமிக்கும் இதே கதை. மாத்திரையும் இல்லை, தூக்கமும் இல்லை என்றால் வலிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதம் இருங்கள்.

‘நடிக்கிறா’ என்று குடும்பமே சொல்லுகிற சிலரும் வருவார்கள். உடம்பு உதறும், ஆனால் அந்த நேரத்தில் எடுத்த பதிவில்கூட வலிப்பு அலை இருக்காது. அது பெரும்பாலும் நடிப்பு இல்லை. மனத்தில் தேங்கிய ஏதோ ஒன்று உடம்பு வழியாக வெளியே வருகிறது, அவர்கள் கட்டுப்பாட்டில் அது இல்லை. அதற்கும் சிகிச்சை உண்டு, வலிப்பு மாத்திரை அதற்கு உதவாது. அவர்களை என் அறை வாசலிலேயே வைத்துத் திட்டுகிற உறவினர்களைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இன்னொரு மிஷின் நரம்புக்கு. இதில் கொஞ்சம் மின்சாரம் உள்ளே போகும், சுண்டி விட்டதுபோல் இருக்கும், அவ்வளவுதான். மணிக்கட்டில் ஒரு தட்டு, முழங்கையில் ஒரு தட்டு, நரம்பில் செய்தி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கணக்குப் போடுவோம். நல்ல நரம்பு என்றால் கையில் நொடிக்குச் சுமார் 50 மீட்டருக்கு மேல், காலில் 40-க்கு மேல். கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகவே ஓடும், ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 2 மீட்டர் வேகம் போய்விடும், அதனால் மழையில் மோட்டாரில் வந்தவரைப் போர்வையால் சுற்றி உட்கார வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். கோடாலித் தைலம், லோஷன் எதுவும் தடவாமல் வாருங்கள் (மரத்துப் போன கைக்குத் தைலம் தேய்க்காமல் வருகிறவர் எங்கள் பக்கம் அபூர்வம்), மோதிரம், வளையல்களைக் கழற்றி வாருங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தாலும், வார்ஃபரின் போல ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிட்டாலும் கட்டாயம் சொல்லுங்கள், மருத்துவர் தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகிப் பார்க்க வேண்டி வரலாம்.

வருகிறவர்களில் பலர் இனிப்பு நீர்க்காரர்கள். 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம். உள்ளங்கால் எரிகிறது, இரவில் தூங்க முடியவில்லை என்று வருவார்கள். இங்கேயும் ‘நார்மல்’ வந்து ஏமாற்றும். எங்கள் மிஷின் பருத்த நரம்பிழைகளைத்தான் அளக்கும், எரிச்சலையும் சூட்டையும் உணர்கிற மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் அது அவற்றைப் பார்க்காது. ரிசல்ட் நன்றாக இருக்கிறது என்று வெறுங்காலோடு தோட்டத்தில் நடக்க ஆரம்பித்துவிடாதீர்கள். தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோதனை முடிந்ததும் எல்லோரும் ‘எப்படி இருக்கு தம்பி, சும்மா சொல்லு’ என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். பிகு பண்ணுவதற்காக இல்லை. பதிவை எடுப்பது என் வேலை, அதைப் படித்து உங்கள் கதையோடு சேர்த்துப் பார்ப்பது மருத்துவருடைய வேலை. நான் பாதியைச் சொன்னால் அந்தப் பாதியை வைத்தே வீட்டுக்குப் போய் மாத்திரை விஷயத்தில் முடிவு எடுத்துவிடுவீர்கள். கிளினிக் தேதி தூரத்தில் இருக்கும், அதுவரை காத்திருப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனால் அதற்குள் வலிப்பு மறுபடி வந்தால், அல்லது புது மாத்திரை போட்ட பிறகு உடம்பில் தடிப்பு, வாய்ப்புண் வந்தால், அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வாருங்கள், மாத்திரைப் பையையும் கையோடு எடுத்து வாருங்கள்.